கொழும்பில் சின்னதாக ஒரு கணித வகுப்பு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் 11 வருடமாகக் கணித வகுப்பு நடத்துகிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது, “மிஸ், நானும் இப்படி ஒன்று தொடங்கலாமென்று இருக்கிறேன்” என்று போன் எடுக்கிறார்கள். கேட்பது அநேகமாக ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே வைத்திருக்கிறேன். முதல் கேள்விகள் லேசானவை, போகப் போகச் சிக்கல்.

நான் டீச்சர் இல்ல மிஸ், பேங்க்ல வேலை செஞ்சன். நான் மெத்ஸ் வகுப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம். நானும் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இருந்து வந்தவள்தான். தொடங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சொந்தக்காரப் பிள்ளை ஒன்றை, தரம் 8 அளவில், பக்கத்தில் இருத்தி, மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் ஏன் நேர் எண் வருகிறது என்று விளங்கப்படுத்துங்கள். “அது அப்படித்தான், பாடமாக்கு” என்று வாயில் வந்தால் இன்னும் கொஞ்ச நாள் தயாராக வேண்டும்.

அதோடு தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் கடந்தகால வினாத்தாள்களில் குறைந்தது பத்தை நேரம் பிடித்து நீங்களே செய்யுங்கள். கல்குலேட்டர் இல்லாமல். பரீட்சையில் பிள்ளைக்கு அது கிடையாது, மடக்கை அட்டவணைதான். வங்கியில் 20 வருடம் இருந்தவர்கள் இந்த இடத்தில்தான் வியர்ப்பார்கள்.

லைசன்ஸ் எடுக்கணுமா? எங்க போய்ப் பதியிறது?

உங்கள் சொந்த முழுப் பெயரில், வேறு சொல் எதுவும் சேர்க்காமல் நடத்தினால் வியாபாரப் பெயர் பதியத் தேவையில்லை. “கல்வி நிலையம்”, “அக்கடமி” என்று ஒரு வால் சேர்த்தவுடன் பதிய வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் என்றால் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம்; கொட்டாஞ்சேனை, மட்டக்குளி என்றால் கொழும்பு பிரதேச செயலகம். அடையாள அட்டை, இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் இவற்றோடு போங்கள். பெரிய அலைச்சல் இல்லை. அந்தப் பதிவுத்தாள் இல்லாமல் வகுப்பின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கமும் எடுத்திருக்க வேண்டும். 2024 இலிருந்து 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது வேண்டும் என்றாகிவிட்டது. இலக்கம் எடுத்தாலே வரி கட்ட வேண்டும் என்று பயப்படுகிறார்கள். அது வேறு கதை, கடைசிப் பக்கம் சொல்கிறேன்.

எந்த வகுப்புப் பிள்ளைகளோட தொடங்கிறது நல்லம்?

எல்லோரும் தரம் 10, 11 என்றுதான் ஓடுகிறார்கள். பெற்றோர் பயந்துபோய்க் காசு கொடுக்கும் வயது அது, மறுக்கவில்லை. உயர்தரத்துக்குப் போகச் சாதாரண தரத்தில் ஆறு பாடம் சித்தியடைய வேண்டும், அதில் கணிதமும் இருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் ஹோல் நிறையப் பிள்ளைகளை வைத்து மைக்கில் படிப்பிக்கும் பெரிய சேர்மாரும் இருக்கிறார்கள். அவர்களோடு நீங்கள் போட்டி போட ஏலாது, போடவும் தேவையில்லை.

தரம் 6 முதல் 9 வரை எடுங்கள் என்பதுதான் என் பதில். காரணத்தை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். தரம் 10 பிள்ளை ஒன்று அட்சரகணிதப் பின்னத்தில் நிற்கிறது. அம்மா, “அட்சரகணிதம் வராது” என்கிறார். நான் 3/4 + 2/3 என்று எழுதிக் கொடுக்கிறேன். பிள்ளை 5/7 என்று எழுதுகிறது, மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி. அட்சரகணிதம் அங்கே குற்றவாளியே இல்லை. பொது மடங்குகளுட் சிறியதைக் கண்டு பகுதியைச் சமப்படுத்துவது நாலு வருடத்துக்கு முன்பே நழுவிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. தரம் 7 இல் இதைப் பிடித்தால் இரண்டு வாரத்து வேலை. தரம் 11 இல் பிடித்தால் பிள்ளைக்கு ஏற்கெனவே “எனக்குக் கணக்கு வராது” என்று ஆகிவிட்டிருக்கும், அதைக் கழற்றுவதற்கே ஆறு மாதம்.

அதனால் சேர வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாடசாலைத் தரத்துக்கு மூன்று வருடம் கீழே இருந்து எடுத்த 20 கேள்விகள் கொடுக்கிறேன். −3 − (−5) எவ்வளவு, 0.3 × 0.2 எவ்வளவு, 1,200 ரூபாயில் 15% எவ்வளவு, இப்படி. அரை மணித்தியாலம் போதும். அந்தத் தாள்தான் என் வியாபாரத்தின் அத்திவாரம். விளம்பரப் பலகையை விட அதுதான் பெற்றோரை இருத்தி வைத்தது.

தமிழ் மீடியமா, இங்லிஷ் மீடியமா, இன்டர்நெஷனல் ஸ்கூல் பிள்ளைகளா?

மூன்றையும் முதல் வருடத்தில் தொடாதீர்கள். தேசிய பாடத்திட்டத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழிமூலமும் ஒரே பாடம், ஒரே பாடநூல், சொற்கள்தான் வேறு. இரண்டு மொழியிலும் சொற்கள் தெரிந்தால் இதைச் சமாளிக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வேண்டாம்.

சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் வேறு உலகம். கேம்பிரிட்ஜ், எடெக்செல் என்ற இரண்டு பிரித்தானியப் பரீட்சைகளில் எது என்று முதலில் கேளுங்கள். எடெக்செலில் இரண்டு தாளுக்கும் கல்குலேட்டர் கொண்டுபோகலாம். கேம்பிரிட்ஜில் 2025 முதல் ஒரு தாள் கல்குலேட்டர் இல்லாமல். இது தெரியாமல் பழைய தாள்களை வைத்துப் பழக்கிப் பிள்ளையை மாட்டிவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு பேட்ச்சில எத்தன பேர் இருக்கலாம்? கூடக் கூட லாபம்தானே?

இதற்குத்தான் நான் நீட்டிப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணித்தியால வகுப்பை விற்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பெற்றோர் வாங்குவதும் அதைத்தான் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பிள்ளைக்குப் பலன் கொடுப்பது கொப்பி திருத்துவது. விடைக்குக் கீழே சரி போடுவதைச் சொல்லவில்லை. வரி வரியாக வாசித்து, எந்த வரியில் பிழைத்தது என்று வட்டம் போட்டு, அதே மாதிரி இன்னொரு கணக்கை ஓரத்தில் எழுதிக் கொடுப்பது.

பத்துக் கணக்குள்ள ஒரு தாளை இப்படித் திருத்த எனக்கு ஆறு நிமிடம் ஆகிறது. 12 பிள்ளை என்றால் 72 நிமிடம், கிட்டத்தட்ட வகுப்பு நேரத்தின் அளவு. 40 பிள்ளை என்றால் நாலு மணித்தியாலம். நாலு மணித்தியாலம் திருத்த ஒருவராலும் ஏலாது, அதனால் திருத்தாமல் விடுவார்கள், “விடையைச் சொல்கிறேன், சரி பாருங்கள்” என்பார்கள். அன்றிலிருந்து உங்கள் வகுப்புக்கும் யூடியூபுக்கும் வித்தியாசம் இல்லை. யூடியூப் இலவசம்.

அதனால் ஒரு பேட்ச்சுக்கு 12. என் அறைக்கு 20 கதிரை பிடிக்கும், எட்டு சும்மா கிடக்கிறது. வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தக் கதிரைகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

அப்ப ஃபீஸ் எவ்வளவு வைக்கிறது?

பக்கத்து வகுப்பு எவ்வளவு என்று பார்த்து 500 ரூபாய் குறைப்பது எல்லோரும் செய்யும் பிழை. கீழிருந்து கூட்டுங்கள். ஒரு உதாரணக் கணக்கு: நாலு பேட்ச், 12 பேர், மாதம் 4,000 ரூபாய். வரவு 1,92,000. அறை வாடகை 60,000, மின்சாரம் 12,000, போட்டோக்கொப்பியும் தாளும் 10,000, திருத்த உதவும் பிள்ளைக்குச் சம்பளம் 35,000. அந்தச் சம்பளத்தின் மேல் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12%, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3%, சேர்த்து 5,250. மொத்தச் செலவு 1,22,250. மிச்சம் 69,750.

இனி உண்மை மாதம். பத்தில் ஒருவர் கட்டவில்லை என்றால் வரவில் 19,200 குறையும், மிச்சம் 50,550. விடுமுறை மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போனால் வாடகையைக் கையில் இருந்துதான் கட்ட வேண்டும். ஆகவே நான் மாதக் கட்டணம் என்று எடுக்காமல் தவணைக் கட்டணம் என்று எடுத்து, அதை மூன்றாகப் பிரித்துக் கட்டவிடுகிறேன். பிள்ளை வராத வாரத்துக்குக் காசு திருப்பிக் கேட்பது இதோடு பெரும்பாலும் நின்றது.

காசு கேட்க வெட்கமா இருக்கு. தெரிஞ்ச ஆக்கள்.

நீங்கள் கேட்க வேண்டாம், பற்றுச்சீட்டுப் புத்தகம் கேட்கட்டும். மாதத்தின் 10 ஆம் திகதி ஒரே மாதிரி ஒரு வாட்ஸ்அப் செய்தி, எல்லோருக்கும் தனித்தனியாக. குரூப்பில் பெயர் போட்டுக் கேட்காதீர்கள். பிள்ளையிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். காசு கட்டாத பிள்ளையை வெளியே நிறுத்திய ஒரு இடத்தில் சின்ன வயதில் நான் நின்றிருக்கிறேன். அன்று என்ன பாடம் நடந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஃப்ளாட் வீட்டு ஹோல்லயே நடத்தினா வாடகை மிச்சம்தானே?

ஐந்தாறு பிள்ளைவரை ஓடும். அதற்கு மேல் தொடர்மாடியில் சிக்கல் வரும். உங்கள் கட்டடத்தின் முகாமைக் கூட்டுத்தாபன விதிகளை முதலில் வாசியுங்கள். குடியிருப்புக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அயலவர் ஒருவரின் முறைப்பாடு போதும். முறைப்பாடு வருவது படிப்பால் இல்லை. லிஃப்ட், நடைபாதையில் குவியும் செருப்பு, ஆறு மணிக்குக் கீழே ஹோர்ன் அடிக்கும் முச்சக்கர வண்டிகள், இவற்றால். நான் முதல் இரண்டு வருடம் ஐந்தாம் மாடியில் நடத்தினேன். செருப்பு வைக்க ஒரு ரெக் வாங்கியதுதான் அந்தக் காலத்தில் நான் செய்த மிகப் பெரிய முதலீடு.

வெளியே இடம் எடுப்பதென்றால் காலி வீதி முகப்பை விட்டுக் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளைப் பாருங்கள். வாடகை குறையும், பிள்ளை வீதி கடக்கும் பயமும் குறையும். வாசல் வெளியே இருந்து தெரிய வேண்டும், அறைக் கதவில் கண்ணாடி இருக்க வேண்டும், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாகக் கதவை மூடி இருக்கக் கூடாது. சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தைச் சுவரில் பிள்ளைகள் உயரத்தில் ஒட்டுங்கள். சில பெற்றோர் முகம் சுழிப்பார்கள், ஒட்டுங்கள்.

பாடநூல், பாஸ்ட் பேப்பர் எல்லாம் போட்டோக்கொப்பி அடிச்சு டியூட்டா குடுக்கலாமா?

பாடநூலைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. பிள்ளையிடமும் ஒன்று இருக்கிறது. பிறகு ஏன் கொப்பி அடித்து விற்க வேண்டும்? வேறொரு சேரின் டியூட்டை, அதாவது வகுப்பில் கொடுக்கும் பயிற்சித் தாள்களை, அட்டை மாற்றி அடிப்பது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் நேரே விழும். அது போக, மானக்கேடு.

சொந்தமாக எழுதுங்கள். ஜப்பானில் டோரு குமோன் என்ற கணித ஆசிரியர் 1954 இல் தன் மகனுக்காகத் தாளில் எழுதிக் கொடுத்த கணக்குகளில் இருந்துதான் உலகம் முழுக்கப் பரவிய ஒரு நிறுவனமே வந்தது. அந்தளவுக்கு நாங்கள் போக வேண்டாம். ஒரு தாளுக்குப் பத்துக் கணக்கு, முதல் ஏழு பிள்ளையால் நிச்சயம் செய்யக்கூடியது, எட்டாவது புதிது, கடைசி இரண்டும் கொஞ்சம் முட்டிப் பார்ப்பதற்கு. வருடத்தில் 80 தாள் எழுதினால் இரண்டாம் வருடம் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்.

பாஸ் பண்ணினா போதும் எண்டு ஒரு தரம் 11 பிள்ளை வந்தா என்ன செய்யிறது? மூன்று மாசம்தான் இருக்கு.

தரம் 6 முதல் 9 என்று மேலே சொல்லிவிட்டேன், ஆனாலும் இவர்கள் வருவார்கள், திருப்பி அனுப்ப மனம் வராது. கணக்கைப் பாருங்கள். முதலாம் தாள் 100, இரண்டாம் தாள் 100, கூட்டி இரண்டால் பிரித்து 35 வந்தால் எஸ், சாதாரண சித்தி. அதாவது 200 இல் 70. முதலாம் தாளின் ஏ பகுதியில் 25 குறுவினா, தலா 2 புள்ளி. அதில் 20 சரி என்றால் 40 கையில். மிச்சம் 150 புள்ளியில் 30 எடுத்தால் போதும்; படிமுறைக்கும் புள்ளி உண்டு என்பதால் அது எட்டாத தூரம் இல்லை.

ஆகவே மூன்று மாதமும் குறுவினா, அதற்கு மேல் நிச்சயமாக வரக்கூடிய நாலைந்து அலகு: தொடைகள், வரைபு, புள்ளிவிபரம், வட்டி, அமைப்பு. தேற்ற நிறுவல்களைத் தொடவே வேண்டாம். இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “எல்லாம் படிப்பிக்கிறேன்” என்று காசு வாங்கிவிட்டு இப்படிச் செய்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

கூட்டம் கூடினா ஒரு ஸ்கூல் சேரைப் போடலாமா?

போடலாம், ஆனால் மேல் மாகாண அரச பாடசாலை ஆசிரியர்கள் தங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கே காசுக்கு வகுப்பெடுப்பதை அதிகாரிகள் தடுத்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அவருடைய பாடசாலைப் பிள்ளைகள் உங்களிடம் இருந்தால் அந்த பேட்ச்சை அவரிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காதது: போட்டவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? எனக்கு நடந்தது. ஒருவர் இரண்டு பேட்ச்சையும் அப்படியே அள்ளிக்கொண்டு மூன்று ஒழுங்கை தள்ளித் தொடங்கினார். ஒரு கிழமை சாப்பிடவில்லை. பிறகு யோசித்தால், அந்த 24 பிள்ளைகளின் கொப்பியையும் ஒரு வருடமாக நான் திறந்தே பார்க்கவில்லை. அவர்கள் என் பிள்ளைகளாக இருந்ததே இல்லை. இப்போது யார் படிப்பித்தாலும் மாதத்துக்கு ஒரு தாளை நான் திருத்துகிறேன், பெற்றோரோடு நான் கதைக்கிறேன்.

கரண்ட் போனா, ஸ்கூல் மூடினா? ஒன்லைன்ல நடத்தினா என்ன?

2020 இல் பாடசாலை மூடியபோதும், 2022 இல் எரிபொருள் இல்லாமல் கொழும்பே நின்றபோதும் ஒன்லைன்தான் எங்களைக் காப்பாற்றியது. ஆனால் கொப்பி திருத்துவது அதில் இரண்டு மடங்கு நேரம்: மங்கல் படம், தலைகீழ்ப் படம், பாதி வெட்டுப்பட்ட படம். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், அவசரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

பரீட்சை கிட்ட வரும்போது நாள் முழுக்க வகுப்பு வைக்கலாமா?

பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு திகதி அறிவிக்கும். அந்த நள்ளிரவில் இருந்து பரீட்சை முடியும்வரை அந்தப் பரீட்சைக்கான வகுப்பு, கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள் விநியோகம் எல்லாம் தடை. ஒன்லைன் என்றாலும் தடைதான். மீறினால் பொலிஸ் வரும்.

சாதாரண தரம் முன்பு டிசம்பர் பரீட்சை. 2021 க்குரியது 2022 மே மாதம் நடந்தது, 2023 க்குரியது 2024 மே, 2024 க்குரியது 2025 மார்ச். இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும் ஒன்றை நம்பி வருட வரவு செலவு போடாதீர்கள். கீழ்த் தரங்களை எடுக்கச் சொன்னதற்கு இது இரண்டாவது காரணம்.

எங்கட பிள்ளைகள் ஏ எடுத்த படத்த போஸ்டர்ல போடலாமா?

நான் போடுவதில்லை. அந்தப் பிள்ளை பாடசாலையில் படித்தது, வீட்டில் படித்தது, சிலவேளை இன்னும் இரண்டு வகுப்புக்கும் போனது. ஒரே முகம் மூன்று போஸ்டரில் சிரிப்பதை ஹம்டன் ஒழுங்கைச் சந்தியில் பார்த்திருக்கிறேன். போடத்தான் வேண்டும் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

வரி எப்ப வரும்? கம்பனியா மாத்தினா நல்லமா?

2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய்வரை விலக்கு. மேலே போட்ட உதாரணத்தில் நல்ல மாத மிச்சமே 12 மாதத்துக்கு 8,37,000 தான். வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி இல்லை. கம்பனி என்றால் அந்த விலக்குக் கிடையாது, இலாபத்தின் முதல் ரூபாயில் இருந்தே வரி, செயலாளர் கட்டணமும் கணக்காய்வும் வேறு. இரண்டாவது கிளை, பங்காளி, வெளியார் முதலீடு என்று வரும்போது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கம்பனி பதியுங்கள். விசிட்டிங் கார்டில் அழகாக இருக்கும் என்பதற்காக வேண்டாம்.

இலவசக் கல்வி உள்ள நாட்டில படிப்புக்குக் காசு வாங்கிறது பிழை இல்லையா?

இதை என்னிடம் முதலில் கேட்டவர் என் அப்பா. கன்னங்கர கொண்டுவந்த இலவசக் கல்வியில் படித்து வந்த மனிதர், கேட்கத்தானே செய்வார். 40 பிள்ளை உள்ள வகுப்பில் ஒரு ஆசிரியரால் கொப்பி திருத்த ஏலாது என்பதைப் பார்த்தோம். நான் வாங்குவது அந்த ஆறு நிமிடத்துக்கான காசு என்று அவருக்குச் சொன்னேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. நானும்தான். 12 இல் ஒரு இடம் காசில்லாமல் விடுகிறேன், யார் என்பது மற்றப் பதினொருவருக்கும் தெரியாது.

ஒரு வருசமா வருது, ஒண்டும் ஏறல்ல. அம்மா நிப்பாட்ட மாட்டா. காசை வாங்கிக்கொண்டு இருக்கிறதா?

முதலில் அந்த 20 கேள்வித் தாளைத் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். பாடசாலைப் புள்ளி அசையாவிட்டாலும் அதில் 6 சரியாக இருந்தது 13 ஆகியிருக்கும், பல தடவை கண்டிருக்கிறேன். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவுக்குக் காட்டுங்கள்.

அதுவும் அசையவில்லை, பிள்ளை நன்றாகக் கதைக்கிறது, வாசிக்கிறது, ஆனால் மேசையில் மூன்று பொத்தான் வைத்தால்கூட ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் சொல்கிறது என்றால் அது உங்கள் வேலை இல்லை. எண்களோடு மட்டும் வரும் கற்றல் இடர் ஒன்று உண்டு. பொரளைச் சிறுவர் வைத்தியசாலையில் காட்டச் சொல்லுங்கள். சொல்வது கஷ்டம். எனக்கு நடந்தபோது அந்த அம்மா எழுந்து போய்விட்டார், கட்டிய தவணையின் மிச்சத்தை உறையில் போட்டு வைத்திருந்தேன், வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து வந்து, வைத்தியர் எழுதிக் கொடுத்ததைக் காட்டி, “இனி எப்படிப் படிப்பிக்கிறது மிஸ்?” என்று கேட்டார். அந்தப் பிள்ளை இப்போது செவ்வாய்க்கிழமைகளில் தனியாக வருகிறது. பொத்தான் டப்பாவோடு உட்காருகிறோம்.